எல்லைக்கு இருபுறமும் ஒரே விதை

(உரையின் எழுத்து வடிவம்)

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் செல்லும் நெடுஞ்சாலை நெய்யாற்றின்கரை, அமரவிளை, பாறசாலை ஆகிய ஊர்களைக் கடந்து களியக்காவிளையில் தமிழ்நாட்டினுள் நுழைகிறது. 1956 நவம்பர் 1ஆம் நாள் மாநிலங்கள் சீரமைக்கப்பட்டபோது, பழைய திருவிதாங்கூரின் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுக்காக்கள் அன்றைய சென்னை மாநிலத்துடன் இணைந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுக்கா கேரளத்தில் நின்றது. செங்கல், காரோடு, குன்னத்துக்கால், வெள்ளறடை முதலிய ஊர்கள் எல்லைக்கு மேற்கே அமைந்தன. களியக்காவிளை, பளுகல், இடைக்கோடு, கொல்லங்கோடு ஆகியவை கிழக்கே அமைந்தன. கோடு வரைந்தவர்களால் மண்ணைப் பிரிக்க இயலவில்லை. இருபுறத்திலும் அதே வாழையும் மரச்சீனியும் தென்னையும் ரப்பரும் வளர்கின்றன. பழந்தமிழில் வழுதுணை எனப்பட்ட கத்தரிக்காயைக் குமரி வட்டாரத்தார் வழுதலங்காய் என்பர். மேற்கே அது வழுதனங்ங ஆகிறது. பெயரளவில்கூட வேறுபாடு அதிகமில்லை.

இவ்வூர்களில் நிலம் ஏக்கரால் அன்றிப் பெரும்பாலும் சென்டால் அளக்கப்படுகிறது. பருத்தி இங்கு விளைவதில்லை. ஆகவே, நம் நாட்டில் வணிக அளவில் பயிரிட இசைவு பெற்றுப் பரவியுள்ள ஒரே மரபணு மாற்றப் பயிரான பி.டி. பருத்தி இங்குள்ள வயல் எதிலும் இல்லை. அவ்வாறிருக்க, மரபணு மாற்றப் பயிர்களின் அரசியலைப் பற்றிப் பேசப் பாறசாலையை ஏன் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற வினா எழலாம். மரபணு மாற்றப் பயிரை ஏற்பதில்லை என்று அறிவித்த ஒரு மாநிலமும், பருத்தியில் அதை ஏற்றுப் பயிரிட்டு வரும் மற்றொரு மாநிலமும் இங்கு ஒரு சந்தையைப் பகிர்ந்து கொள்கின்றன. கொள்கை எங்கே தொடங்குகிறது, எங்கே செயலற்றுப் போகிறது என்பதை இங்கு நின்று பார்ப்பது எளிது.

விதை முந்தியது, சட்டம் பிந்தியது

மண்ணில் இயல்பாக வாழும் பேசில்லஸ் துரிஞ்சியன்சிஸ் என்னும் நுண்ணுயிர், சிலவகைப் புழுக்களைக் கொல்லும் புரதம் ஒன்றை உண்டாக்குகிறது. அப்புரதத்துக்குரிய மரபணுவைச் செடியினுள் புகுத்தினால், செடியைத் தின்னும் புழு மடிகிறது. பி.டி. என்னும் சுருக்கப் பெயர் இந்நுண்ணுயிரின் பெயரிலிருந்து வந்தது. 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 1989 டிசம்பரில் வெளியிடப்பட்ட விதிகள் இத்தகைய உயிரிகளை ஒழுங்குபடுத்துகின்றன. இவ்விதிகளின்படி அமைந்த மரபணுப் பொறியியல் ஒப்புதல் குழு, 2002 மார்ச்சில் பி.டி. பருத்திக்கு இசைவளித்தது.

ஆனால் இசைவுக்கு ஓராண்டு முன்பே, 2001இல், குஜராத்தில் பல்லாயிரம் ஏக்கரில் இசைவு பெறாத பி.டி. பருத்தி வளர்ந்து நிற்பது கண்டுபிடிக்கப்பட்டது. காய்ப்புழு அவ்வாண்டு மற்ற பருத்தியை அழித்தபோது இது தப்பி நின்றதாலேயே அது கண்ணில் பட்டது. பயிரை அழிக்க ஆணை பிறந்தது, விவசாயிகள் இணங்கவில்லை. வெளிநாடுகளிலும் இதுவே நடந்தது. பிரேசிலின் தென்கோடி மாநிலத்தில் அர்ஜென்டினாவிலிருந்து எல்லை தாண்டிக் கடத்தப்பட்ட சோயா விதை பரவிவிட்ட பிறகு, 2003இல் அந்நாட்டு அரசு அவ்விளைச்சலை விற்கத் தற்காலிக ஆணை பிறப்பிக்க வேண்டியதாயிற்று. முறையான சட்டம் 2005இல்தான் வந்தது. வளரும் நாடுகளில் மரபணு மாற்றப் பயிர்களின் வரலாற்றில் அரசின் கோப்பை விதை முந்திய நிகழ்ச்சிகள் பல.

பருத்தியின் கணக்கு இருபுறமும் பேசக்கூடியது. 2002க்கு முன் ஹெக்டேருக்குச் சுமார் 300 கிலோவாக இருந்த பஞ்சு விளைச்சல், அடுத்த பத்தாண்டுகளில் 500 கிலோவைத் தாண்டியது; பின்னர் இறங்கியது. உயர்வு முழுவதையும் மரபணுவின் கணக்கில் எழுதுவது சரியன்று. வீரிய ஒட்டு விதைகள், பாசனம், உரம் ஆகியவையும் அதில் பங்கு கொண்டன. இளஞ்சிவப்புக் காய்ப்புழு இப்புரதத்துக்கு எதிர்ப்புத் திறன் பெற்றுவிட்டதும் பின்னர் உறுதியாயிற்று. எனினும் பருத்திப் பரப்பில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் பி.டி. விதை பரவியது என்ற உண்மையை எவரும் மறுப்பதற்கில்லை.

கத்தரிக்காய்

பருத்தி உடுக்கும் பொருள். கத்தரி உண்ணும் பொருள். தண்டையும் காயையும் துளைக்கும் புழுவை எதிர்க்கும் பி.டி. கத்தரியை மகாராஷ்டிரத்தைச் சேர்ந்த மஹிகோ நிறுவனம் உருவாக்கிற்று. கோயம்புத்தூர் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் தார்வாட் வேளாண் பல்கலைக்கழகமும் அதே மரபணுவைத் தம் வட்டார வகைகளில் சேர்த்தன. தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகம் எடுத்துக்கொண்ட வகைகளுள் கிள்ளிகுளத்தில் தேர்வு செய்யப்பட்ட கே.கே.எம். 1 என்ற வகையும் ஒன்று. கிள்ளிகுளம் தூத்துக்குடி மாவட்டத்தில், களியக்காவிளைக்குக் காய்கறி அனுப்பும் தென்பகுதியில் உள்ளது.

2009 அக்டோபர் 14 அன்று ஒப்புதல் குழு பச்சைக்கொடி காட்டியது. அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் இறுதி முடிவைத் தள்ளிவைத்து, 2010 ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் கொல்கத்தா, புவனேசுவரம், அகமதாபாத், நாகபுரி, சண்டிகர், ஐதராபாத், பெங்களூரு ஆகிய ஏழு நகரங்களில் மக்கள் கருத்தைக் கேட்டார். கேரளத்திலோ, பயிரை உருவாக்கியவற்றுள் ஒன்றான பல்கலைக்கழகம் அமைந்த தமிழ்நாட்டிலோ ஒரு கூட்டமும் நடைபெறவில்லை என்பது கவனிக்கத் தக்கது. கேரளம் தன் எதிர்ப்பை எழுத்தில் தெரிவித்தது. வேறு பல மாநிலங்களும் அவ்வாறே எழுதின. 2010 பிப்ரவரி 9 அன்று பி.டி. கத்தரிக்குக் காலவரையற்ற தடை அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு குழுவின் பெயரிலிருந்த "ஒப்புதல்" என்னும் சொல் நீக்கப்பட்டு "மதிப்பீடு" என்னும் சொல் இடம்பெற்றது. ஒரு சொல்தானே என்று இதைத் தள்ளிவிட இயலாது. முடிவெடுக்கும் உரிமை வல்லுநர்களிடமிருந்து அரசியல் தலைமைக்குச் சென்றதை அச்சொல் பதிவு செய்தது.

கேரளத்தின் எதிர்ப்பை வெறும் அச்சம் என்றோ கட்சி நிலைப்பாடு என்றோ கருதுவது அதன் வேரை அறியாமையாகும். காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களில் 1970களின் பிற்பகுதியிலிருந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் எண்டோசல்பான் வானூர்தி மூலம் தெளிக்கப்பட்டது. தீங்கில்லை என்ற உறுதிமொழிகள் அக்காலம் முழுவதும் கிடைத்த வண்ணம் இருந்தன. 2011 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் அம்மருந்தின் உற்பத்தியையும் விற்பனையையும் நாடு முழுவதும் நிறுத்தியது. வல்லுநர் சான்றிதழை நம்பி ஏமாந்த சமுதாயம் அடுத்த சான்றிதழை ஐயத்துடன் பார்ப்பது இயற்கையே. கேரளத்தின் 2010ஆம் ஆண்டு இயற்கை வேளாண்மைக் கொள்கையைப் படிக்கும் மாணவர்கள் இப்பின்னணியையும் நினைவில் கொள்வது நலம்.

ஒரே அடுப்பில் இரண்டு அச்சங்கள்

இனி, கொள்கையின் மறுபக்கத்தையும் காண வேண்டும். 2015இல் தமிழ்நாட்டிலிருந்து வரும் காய்கறிகளில் பூச்சிமருந்து எச்சம் மிகுந்துள்ளது என்ற புகார் கேரளத்தில் பெரிதாக எழுந்தது. எல்லைச் சோதனைகளும், வணிகர்களுக்குப் பதிவு கட்டாயம் என்ற பேச்சும், இரு மாநிலங்களுக்கிடையே கடிதப் போக்குவரத்தும் நிகழ்ந்தன. தமிழ்நாட்டுத் தரப்பு குற்றச்சாட்டை மறுத்தது. வெள்ளாயணி வேளாண் கல்லூரியின் ஆய்வகம் காய்கறி மாதிரிகளைச் சோதித்து முடிவுகளை வெளியிட்டு வந்தது நல்ல முயற்சி. ஆனால் அந்த முடிவுகள் நெய்யாற்றின்கரையில் காய் வாங்கும் இல்லத்தரசிக்குப் பயன்பட்ட அளவுக்கு, காயை விளைவித்தவருக்குப் பயன்பட்டனவா?

கத்தரிச் செடியில் புழு காயினுள் புகுந்துவிட்டால் வெளியிலிருந்து தெளிக்கும் மருந்து அதைத் தொடுவதில்லை. ஆகவே விவசாயி அது புகுமுன் தெளிக்க முற்படுகிறார். புகும் நாள் தெரியாததால் அடிக்கடி தெளிக்கிறார். ஓட்டை விழுந்த காயைச் சந்தையில் எவரும் தொடுவதில்லை. பி.டி. கத்தரிக்கு ஆதரவாகக் கூறப்பட்ட முதன்மைக் காரணமே இத்தெளிப்பு குறையும் என்பதுதான். வங்காளதேசம் 2013 அக்டோபரில் அதை ஏற்று, 2014 ஜனவரியில் 20 விவசாயிகளுக்கு நாற்று வழங்கியது. பின்னர் அங்குப் பல்லாயிரம் விவசாயிகள் அதைப் பயிரிட்டனர். தெளிப்பு குறைந்தது என்றே அங்கு நடந்த ஆய்வுகள் பலவும் கூறின.

இவ்வாறு, மரபணு வேண்டாம் என்ற சமையலறையும் மருந்து வேண்டாம் என்ற சமையலறையும் ஒன்றே. இரண்டு மறுப்புகளும் நியாயமானவையாகவே இருக்கலாம். ஆனால் இரண்டையும் சேர்த்துக் கூறுபவர், அப்புழுவை எவ்வாறு எதிர்கொள்வது என்பதையும் காயை அனுப்பும் விவசாயிக்குக் கூறக் கடமைப்பட்டவர். கவர்ச்சிப் பொறி, தாக்குண்ட நுனித்தண்டைக் கிள்ளி எரித்தல், ஒட்டுண்ணிகளைக் காத்தல் முதலிய ஒருங்கிணைந்த முறைகள் உள்ளன. அவை ஆள் கூலியும் பொறுமையும் வேண்டுபவை. கேரளத்துக் கிருஷி பவன்கள் தம் ஊராட்சியின் விவசாயிக்கு இவற்றைக் கற்பிக்கின்றன. சந்தைக்கு வரும் காயிலோ பெரும்பகுதி அவர்களது எல்லைக்கு அப்பால் விளைகிறது. மறுப்பின் செலவு எல்லைக்குக் கிழக்கே உள்ள சிறு விவசாயியின் கணக்கில் ஏறுவதை எந்த மாநிலத்தின் வரவு செலவுத் திட்டமும் காட்டுவதில்லை.

மூட்டையில் வந்த மரபணு

பாறசாலையில் கேரளப் பால்வளத் துறையின் சோதனைச் சாவடி உள்ளது. எல்லை தாண்டி வரும் பாலில் கலப்படம் உண்டா என்று அங்கு சோதிக்கின்றனர். ஓணக் காலத்தில் சோதனை முனைப்புடன் நடக்கும். இப்பக்கத்து மாட்டுக்கும் அப்பக்கத்து மாட்டுக்கும் போடும் தீவனத்தில் பருத்திக்கொட்டைக்கும் பருத்திப் பிண்ணாக்குக்கும் நெடுநாளைய இடம் உண்டு. பறித்த பருத்தியின் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு விதை. நாட்டின் பருத்தியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் பி.டி. என்றால், அப்பிண்ணாக்கும் அத்தகையதே. ஆகவே மரபணு மாற்றப் பயிரின் விளைபொருள் மரபணு விலக்குக் கொள்கை கொண்ட மாநிலத்தினுள் நுழைந்து ஆண்டுகள் பலவாயின. தடுத்தவர் எவருமில்லை, கேட்டவரும் மிகச் சிலரே.

எண்ணெயும் இவ்வாறே. அயல்நாட்டு மரபணு மாற்றச் சோயாவிலிருந்து எடுத்த எண்ணெயை இறக்குமதி செய்ய 2007இல் இசைவளிக்கப்பட்டது. 2021 ஆகஸ்டில் கோழித் தீவன விலை உயர்ந்தபோது, மரபணு மாற்றச் சோயாப் பிண்ணாக்கு 12 லட்சம் டன் வரை இறக்குமதி செய்ய மத்திய அரசு வழி திறந்தது. பிண்ணாக்கில் உயிருள்ள விதை இல்லை. எனவே சுற்றுச்சூழலுக்குத் தடையில்லை என்பது அப்போது கூறப்பட்ட காரணம். விதிகளின்படி அது பிழையன்று. ஆனால் நாமக்கல்லிலிருந்து முட்டை ஏற்றி வரும் வண்டி களியக்காவிளையைக் கடக்கும்போது, கோழி தின்றது எது என்று கூறும் சீட்டு எதுவும் அதில் இருப்பதில்லை.

இதனால் தீங்கு நேர்ந்தது என்று கூறுவது இவ்வுரையின் நோக்கமன்று. மாநிலத்தின் மறுப்பு மண்ணில் முளைக்கும் பயிரைப் பற்றியது. தட்டில் வரும் பொருளைப் பற்றி அதனிடம் எவரும் கருத்துக் கேட்கவில்லை என்பதே கூற வந்தது. பொதிந்த உணவுப் பண்டங்களில் மரபணு மாற்றம் உண்டெனில் அதைக் குறிக்க வேண்டும் என்ற விதி 2013 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. 2021 முதல் 24 வகை உணவுப் பயிர்களின் இறக்குமதிச் சரக்குக்கு மரபணு மாற்றமற்றது என்ற சான்று தேவையாயிற்று. ஒரு விழுக்காடு வரை தற்செயல் கலப்புக்கு இடமளிக்கப்பட்டது. உணவுக்கான இவ்வேற்பாடுகள் தீவன மூட்டையை எட்டவில்லை.

கன்றும் ஒட்டும்

பருத்தியில் கண்ட அரசியலை அப்படியே இவ்வூர்ப் பயிர்களுக்குப் பொருத்திப் பார்ப்பதில் ஒரு தவறு உண்டு. வீரிய ஒட்டுப் பருத்தி விதையை ஆண்டுதோறும் விலைக்கு வாங்க வேண்டும். நிறுவனத்தின் ஆதாயமும் விவசாயியின் குறையும் அங்கேதான் பிறக்கின்றன. வாழைக்கன்றும் மரச்சீனிக் கம்பும் அவ்வாறல்ல. காரோட்டில் இருப்பவர் கொல்லங்கோட்டு மைத்துனருக்கு நல்ல ஏத்தன் கன்று ஒன்றைக் கொடுத்தால், அது ஐந்தாண்டில் ஐம்பது குடும்பங்களுக்குப் பரவிவிடும். 2001ஆம் ஆண்டின் பயிர் வகைகள் பாதுகாப்பு, விவசாயிகள் உரிமைச் சட்டமும் விதையைச் சேமித்துப் பகிரும் உரிமையைக் காக்கிறது. இத்தகைய பயிரில் தனியார் முதலீடு செய்ய ஆர்வம் காட்டுவது அரிது. செய்தால் பொது ஆராய்ச்சி நிலையங்களே செய்ய வேண்டும்.

செய்தும் வந்துள்ளன. இரும்புச்சத்தும் வைட்டமின் ஏ சத்தும் மிகுந்த வாழைக்காக ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துடன் 2012இல் தொடங்கப்பட்ட திட்டத்தில் திருச்சி தேசிய வாழை ஆராய்ச்சி மையமும் கோவைப் பல்கலைக்கழகமும் பங்கேற்றன. மறுபுறம், மரபணு மாற்றமின்றியும் வழி உண்டு என்பதற்குத் திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் 1963 முதல் இயங்கும் மத்தியக் கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் சான்று. மரச்சீனியின் தேமல் நோயை எதிர்க்கும் ஸ்ரீரக்ஷா முதலிய வகைகளை அந்நிலையம் வழக்கமான கலப்பு முறையிலேயே அளித்துள்ளது. சுதந்திரத்துக்கு முன், 1940ஐ ஒட்டி, இலங்கையிலிருந்து வந்த கன்றுகளோடு வாழை முடிக்கொத்து நோய் திருவிதாங்கூருக்குள் நுழைந்தது. கையிலிருந்து கைக்குப் போகும் கன்று நன்மையை எவ்வளவு விரைவில் பரப்புமோ, பிழையையும் அவ்வளவு விரைவில் பரப்பும்.

ரப்பரின் கதை இதனினும் வியப்பானது. கோட்டயத்திலுள்ள இந்திய ரப்பர் ஆராய்ச்சி நிலையம், வறட்சியையும் குளிரையும் தாங்கும் பொருட்டு ரப்பரின் சொந்த மரபணு ஒன்றின் கூடுதல் படிகளைச் சேர்த்து மரபணு மாற்ற ரப்பரை உருவாக்கிற்று. 2010இல் பத்தனம்திட்டை மாவட்டத்துச் சேத்தய்க்கலில் வயல் சோதனைக்கு மத்தியக் குழு இசைந்தது. மாநில அரசு இசையவில்லை. பத்தாண்டுகளுக்கு மேல் காத்திருந்து, 2021 ஜூன் 22 அன்று அந்தக் கன்று அசாமில் குவாஹாத்தியை அடுத்த சருதாரிப் பண்ணையில் நடப்பட்டது. கேரளத்தில் பிறந்த ஆராய்ச்சி மண்ணைத் தேடி 3,000 கிலோமீட்டருக்கு அப்பால் சென்றது. ரப்பரை எவரும் உண்பதில்லையே எனலாம். ஆனால் வெள்ளறடையிலும் அருமனையிலும் மார்த்தாண்டத்திலும் தேனீப் பெட்டி வைப்பவர்கள் எடுக்கும் தேனில் பெரும்பங்கு, தளிர்க்கும் ரப்பர் இலைக்காம்பில் சுரப்பதே.

எவருடைய இசைவு?

அரசியல் சட்டத்தின்படி வேளாண்மை மாநிலப் பட்டியலில் உள்ளது. சுற்றுச்சூழல் சட்டம் மத்திய அரசினுடையது. இரண்டுக்கும் இடையிலான பாலமாக, 2011 முதல் வயல் சோதனைக்கு மாநிலத்தின் தடையின்மைச் சான்று தேவை என்ற முறை வந்தது. மாநிலங்களின் குரலுக்கு இது உண்மையான வலிமை தந்தது. எனினும் சான்று கேட்கப்படுவது சோதனை நடக்கும் மாநிலத்திடம் மட்டுமே.

பனச்சமூட்டுச் சந்தைக்கு வருபவர்கள் காலையில் பலமுறை எல்லையைக் கடக்கின்றனர். அங்கு வேலி இல்லை. விளவங்கோட்டுத் தாலுக்காவின் எல்லையோர வயலொன்றில் மரபணு மாற்றக் கத்தரிக்குச் சோதனை அமைவதாகக் கொள்வோம். மகரந்தம் பரவாதிருக்கச் சில நூறு மீட்டர் இடைவெளி விடவேண்டும் என்பது விதி. அந்தச் சில நூறு மீட்டருக்குள் வேறொரு மாநிலம் வந்துவிடும். தமிழ்நாடு இசைந்தால் போதும். குன்னத்துக்கால் ஊராட்சியைக் கேட்க வேண்டியதில்லை. கேரளத்தின் ஊராட்சிகளில் 2002ஆம் ஆண்டுச் சட்டப்படி உயிரிப் பன்மை மேலாண்மைக் குழுக்கள் உள்ளன. உள்ளூர் வகைகளின் பதிவேடும் உண்டு. அப்பதிவேட்டைப் புரட்டிப் பார்க்கும் கடமை சோதனை நடத்துவோருக்கு இல்லை.

அண்டை மாநிலத்தைக் கேளாமல் முடிவெடுப்பதன் விளைவை இவ்வூர்கள் வேறொரு வகையில் அறிந்தவை. நெய்யாற்று அணையின் இடதுகரைக் கால்வாய் விளவங்கோட்டில் சுமார் 9,200 ஏக்கருக்கு நீர் தந்து வந்தது. 2004இல் கேரளம் அதை நிறுத்தியது. தமிழ்நாடு 2012இல் உச்ச நீதிமன்றத்தை அணுகியது. நீருக்கேனும் மதகு உண்டு. யார் அடைத்தார் என்று சுட்டிக்காட்டலாம்.

மரபணு மாற்றக் கடுகுக்கு 2022 அக்டோபரில் அளிக்கப்பட்ட இசைவு பற்றிய வழக்கில், 2024 ஜூலை 23 அன்று உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகளும் மாறுபட்ட தீர்ப்பளித்தனர். ஆனால் ஒன்றில் இருவரும் ஒத்தனர். மாநிலங்கள், விவசாயிகள் உள்ளிட்ட அனைத்துத் தரப்பினரையும் கலந்து தேசியக் கொள்கை ஒன்றை மத்திய அரசு வகுக்க வேண்டும் என்பது அது. அத்தகைய கொள்கையில் எல்லையிலிருந்து குறிப்பிட்ட தொலைவுக்குள் நடக்கும் சோதனைக்கு அண்டை மாநிலத்தின் இசைவையும், தீவன மூட்டைக்குக் குறியீட்டையும், கலப்பு நேர்ந்தால் இழப்பீடு தருபவர் யார் என்பதையும் எழுதுவது பெரிய செலவு பிடிக்கும் காரியமன்று. ஆய்வகத்தில் கண்ட எச்ச முடிவைக் காய் விளைந்த மாவட்டத்தின் வேளாண் அலுவலருக்கு அனுப்பச் சட்டம்கூட வேண்டாம். ஓர் அஞ்சல் போதும்.

காலமோ காத்திருக்கவில்லை. அயல் மரபணு புகுத்தாமல் செடியின் சொந்த மரபணுவையே திருத்தும் முறைகளுக்கு 2022 மார்ச்சில் பழைய விதிகளின் முக்கியப் பகுதிகளிலிருந்து விலக்களிக்கப்பட்டது. 2025 மே மாதத்தில் அம்முறையில் உருவான இரு நெல் வகைகள் அறிவிக்கப்பட்டன. அவற்றுள் ஒன்றான கமலா, தமிழ்நாட்டு விவசாயிகள் பொன்னி வரிசையில் வைத்துப் போற்றும் சம்பா மசூரியின் வழித்தோன்றல். இவ்வகைகளுக்கு மரபணு மாற்றம் என்ற பெயர் பொருந்தாது. தடையின்மைச் சான்றும் தேவையில்லை. விதைக் கடைக்கு அவை வரும்போது, சாதாரண நெல் மூட்டையாகவே களியக்காவிளையைக் கடந்து பாறசாலையில் இறங்கும்.